லீவா, லீவாமா? கைக்கு வரும் செய்தியைத் துருவிப் பார்க்க ஒரு முழுமையான வழிகாட்டி

போன வருஷ மழைக்காலம். ராத்திரி ஒன்பதரை இருக்கும். பதினொன்றாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த அக்கா மகள் போனை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். "சித்தி, நாளைக்கு லீவு!"

பார்த்தேன். பேர்பெற்ற தொலைக்காட்சி ஒன்றின் நியூஸ் கார்டு. மேலே லோகோ, ஒரு பக்கம் குடை பிடித்துப் போகும் பிள்ளைகள், நடுவில் கொட்டை எழுத்தில் "கனமழை: நாளை பள்ளி, கல்லூரிகளுக்கு விடுமுறை – மாவட்ட ஆட்சியர்". அடியில் தேதியும் கிழமையும். மாலை நாளிதழ் ஒன்றில் பதினாறு வருஷம் உதவி ஆசிரியராகக் குப்பை கொட்டியவள் நான். அந்தக் கார்டை மூன்று விநாடி பார்த்துவிட்டு, "சரி, அலாரம் வைக்காதே" என்றேன். அதற்குள் அவள் மூன்று குரூப்பில் போட்டிருந்தாள்.

காலை ஏழு மணிக்கு ஸ்கூல் வேன் வாசலில் நின்று ஹாரன் அடித்தது.

அவளை அரக்கப் பரக்கக் கிளப்பி அனுப்பிவிட்டு அந்தக் கார்டை நிதானமாகப் பார்த்தேன். தேதிக்குப் பக்கத்தில் செவ்வாய்க்கிழமை என்றிருந்தது. அந்தத் தேதி உண்மையில் புதன். ஏதோ ஒரு பழைய வருஷத்துக் கார்டு அது. யாரோ வருஷத்தை மட்டும் மாற்றிவிட்டுக் கிழமையைக் கோட்டைவிட்டிருக்கிறார்கள்.

அன்றைக்குப் பிறகு நானும் அவளுமாகச் செய்து பார்த்துப் பழகியவைதான் கீழே இருப்பவை. பள்ளி, கல்லூரிப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதுகிறேன். ஏமாந்ததில் எனக்கும் பாதிப் பங்கு உண்டு என்பதால் பெரியவர்களும் படிக்கலாம்.

முதலில் ஒரு விகுதி

வதந்திக்கென்றே தமிழில் ஒரு விகுதி இருக்கிறது. "வந்துட்டார்" என்றால் நானே பார்த்தேன். "வந்துட்டாராம்" என்றால் யாரோ சொன்னார்கள், பொறுப்பு என்னுடையது இல்லை. டீக்கடை பெஞ்சில் பேசியவர்கள் இந்த 'ஆம்' இல்லாமல் பேசியதே கிடையாது. அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் "யாருய்யா சொன்னது?" என்று கேட்பார். பேச்சு அங்கிருந்துதான் சூடு பிடிக்கும்.

நியூஸ் கார்டில் 'ஆம்' கிடையாது. ஃபார்வர்டிலும் கிடையாது. "லீவாம்" என்று தயங்கித் தயங்கி வரவேண்டிய சங்கதி, லோகோவும் சிவப்புப் பட்டையுமாக "விடுமுறை" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து நிற்கிறது. உதிர்ந்துபோன அந்த 'ஆம்'-ஐ மறுபடி ஒட்டிவிட்டு, சொன்னது யார் என்று தேடிப் போவதுதான் இந்த வழிகாட்டியின் மொத்த வேலையும்.

பழக்கம் எங்கே மாறியது

எங்கள் காலத்தில் செய்திக்கு நேரம் இருந்தது. காலையில் பேப்பர், சாயங்காலம் மாலை நாளிதழ், நடுவில் "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசாமி". செய்தியைத் தேடி நாம் போனோம். இப்போது அது நம்மைத் தேடி வருகிறது. ரீல்ஸ் பார்க்கும்போது நடுவில், சமையல் வீடியோவுக்கு அடுத்ததாக, கிரிக்கெட் மீமுக்குக் கீழே. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய்ட்டர்ஸ் ஆய்வு மையத்தின் 2025 அறிக்கைப்படி, அமெரிக்காவில் சமூக ஊடகம், வீடியோ வழியாகச் செய்தி பெறுபவர்கள் 54 சதவீதம். டிவி வழியாகப் பெறுபவர்கள் 50 சதவீதம். டிவி பின்தங்கியது அதுவே முதல் முறை. அதே அறிக்கையில், 25 வயதுக்குக் கீழே இருப்பவர்களில் 15 சதவீதம் பேர் வாரத்தில் ஒருமுறையாவது ஏஐ சாட்பாட்டிடம் செய்தி கேட்கிறார்கள்.

உடனே "இந்தக் காலத்துப் பிள்ளைங்க" என்று ஆரம்பித்துவிட வேண்டாம். பிள்ளையார் பால் குடித்த 1995 செப்டம்பர் 21-இல் வாட்ஸ்அப் கிடையாது. லேண்ட்லைன் போனிலேயே ஒரே நாளில் நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. டம்ளரோடு வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் பெரியவர்கள்தான்.

படி 1: இரண்டு நாள் கணக்கு

சரிபார்ப்பதற்கு முன்னால், எதைத் தின்கிறோம் என்று தெரியவேண்டும். ஒரு நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள். என்ன செய்தி, எங்கே பார்த்தேன், முதலில் சொன்னது யார், நான் என்ன செய்தேன். இரண்டு நாள் போதும். அதற்கு மேல் யாரும் எழுத மாட்டார்கள்.

அக்கா மகளின் நோட்டில் இரண்டாவது கட்டம் முழுக்க "இன்ஸ்டா, இன்ஸ்டா, கிளாஸ் குரூப், இன்ஸ்டா". மூன்றாவது கட்டம் பெரும்பாலும் காலி. நான்காவதில் "லைக் போட்டேன்". சிரித்துக்கொண்டே நானும் எழுதிப் பார்த்தேன். என் மூன்றாவது கட்டமும் காலியாகத்தான் இருந்தது. அந்தக் காலிக் கட்டத்தைப் பார்க்கத்தான் இந்தப் பயிற்சி.

படி 2: கை பரபரத்தால் நிறுத்துங்கள்

அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மூவர், 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய சுமார் 1,26,000 செய்திகளை எடுத்து ஆராய்ந்து, 2018-இல் 'சயின்ஸ்' இதழில் முடிவை வெளியிட்டார்கள். பொய்ச் செய்தி பகிரப்படும் வாய்ப்பு உண்மையைவிட 70 சதவீதம் அதிகம். 1,500 பேரைப் போய்ச் சேர உண்மைக்குப் பொய்யைப்போல ஆறு மடங்கு நேரம் பிடித்தது. இதில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு. பரப்பியது எந்திரக் கணக்குகள் அல்ல, மனிதர்கள். புதுசாகவும் வியப்பாகவும் அருவருப்பாகவும் இருந்ததால் பரப்பினார்கள்.

ஆகவே கோபம், பயம், "பார்த்தியா, நான் அப்பவே சொன்னேன்ல" என்கிற திருப்தி, இந்த மூன்றில் ஒன்று சுரீரென்று வந்தால், அதையே சிவப்பு விளக்காக எடுத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதுதான் ரொம்ப ஆபத்து. நமக்குப் பிடிக்காத கட்சிக்காரரைப் பற்றிய பொய்யை நாம் சரிபார்ப்பதே இல்லை.

வாட்ஸ்அப்பில் இரட்டை அம்புக்குறி தெரிந்தால், அது குறைந்தது ஐந்து கை மாறி வந்தது என்று அர்த்தம். 2018-இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து சாட்டுக்கு மேல் ஃபார்வர்டு செய்ய முடியாதபடி தடுத்தார்கள். 2020 ஏப்ரலில், அப்படிப் பலமுறை கை மாறியதை ஒருமுறைக்கு ஒரு சாட்டுக்குத்தான் அனுப்பலாம் என்று இறுக்கினார்கள். ஆனால் காப்பி எடுத்துப் புதிதாக ஒட்டினாலோ, படத்தை இறக்கி மறுபடி ஏற்றினாலோ அம்புக்குறி போய்விடும். அம்புக்குறி இல்லாததால் நம்பலாம் என்று இல்லை.

அந்த 2018 கட்டுப்பாடு சும்மா வரவில்லை. அந்த வருஷம் மே 9-ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம், வழியில் பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தது. பிள்ளை பிடிக்கிற கும்பல் வந்திருக்கிறது என்று ஏற்கெனவே வாட்ஸ்அப்பில் ஊருக்கே கிலி பிடித்திருந்தது. கூட்டம் கூடி அடித்ததில் 65 வயது அம்மா ஒருவர் இறந்துபோனார். அந்த மாதங்களில் இந்தியா முழுக்கச் சுற்றிய ஒரு கடத்தல் வீடியோ, பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த விழிப்புணர்வுப் படம். பைக்கில் தூக்கிக்கொண்டு போன குழந்தையை முடிவில் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். அந்த முடிவை மட்டும் வெட்டிவிட்டுத்தான் பரப்பினார்கள்.

படி 3: நியூஸ் கார்டைப் பிரித்து மேய்வது

தமிழ்நாட்டில் பொய் பெரும்பாலும் போட்டுக்கொண்டு வரும் சட்டை நியூஸ் கார்டுதான். அதனால் இங்கே கொஞ்சம் நின்று பார்ப்போம்.

போலிக் கார்டு செய்வதற்குத் திறமை எதுவும் வேண்டாம். நிஜக் கார்டு ஒன்றை இறக்கி, எழுத்து இருக்கும் இடத்தில் அதே நிறத்தைப் பூசி, மேலே புது வாசகத்தை அடித்தால் முடிந்தது. பூசிய இடம் சில சமயம் ஒரு சாயல் வெளுத்திருக்கும். போனை முழு வெளிச்சத்தில் வைத்து, எழுத்தைச் சுற்றி இரண்டு விரலால் பெரிதாக்கிப் பாருங்கள். தேதியின் எழுத்துரு ஒன்று, வாசகத்தின் எழுத்துரு வேறொன்று என்று இருக்கும். லோகோ மட்டும் கூர்மையாகவும் மற்றது மங்கலாகவும் இருக்கும், அல்லது தலைகீழாக. அப்புறம், நான் கோட்டைவிட்ட கிழமை. காலண்டரில் ஒரு நொடி.

எழுத்துப்பிழையை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஒற்றுப்பிழை இருந்தால் போலி என்று வைத்துக்கொண்டால், நிஜமான கார்டுகளில் பாதி போலியாகிவிடும். இதைச் சொல்ல எனக்கே வலிக்கிறது.

கண்ணால் பார்ப்பது இவ்வளவுதான். கெட்டிக்காரர் செய்த போலியில் இந்தத் தடயம் எதுவும் இருக்காது. அதனால் கார்டையே வெறித்துக்கொண்டிருக்காமல் இரண்டு கேள்வி கேளுங்கள்.

ஒன்று: இதை அறிவிக்கும் அதிகாரம் யாருக்கு இருக்கிறது? மழை விடுமுறை என்றால் வழக்கமாக அந்தந்த மாவட்ட ஆட்சியர். மழை பெய்யுமா என்றால் சென்னை வானிலை ஆய்வு மையம். பல்கலைக்கழகத் தேர்வு தள்ளிப்போனதா என்றால் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலர். அவர்களுடைய அதிகாரபூர்வப் பக்கத்துக்கே போய்விடலாம், டிவிக்காரர் எதற்கு நடுவில்? எக்ஸ் தளத்தில் நீல டிக் இருந்தால் நிஜம் என்கிற காலம் போய்விட்டது, இப்போது காசு கொடுத்தால் கிடைக்கும். அரசுக் கணக்குகளுக்குச் சாம்பல் நிற டிக் என்று தனியாக இருக்கிறது. "தமிழகம் முழுக்க விடுமுறை" என்று எந்த மாவட்டப் பேரும் இல்லாமல் வந்தால் கூடுதலாகச் சந்தேகப்படுங்கள்.

இரண்டு: அந்தச் சேனலின் சொந்தப் பக்கத்தில் இந்தக் கார்டு இருக்கிறதா? ஸ்கிரீன்ஷாட்டைப் பார்த்துச் சமாதானம் ஆகாமல், நீங்களே அந்தப் பக்கத்தைத் திறந்து அந்தத் தேதிக்குக் கீழே இறங்குங்கள். தங்கள் பேரில் போலி உலவுவது தெரிந்தால் சேனல்களே அந்தக் கார்டின் மேல் "போலி" என்று சிவப்பில் குத்திப் போடுவதும் உண்டு. சேனலின் பக்கத்தில் கார்டு இல்லாவிட்டால்? போட்டுவிட்டு நீக்கியிருக்கலாம். அப்போது வேறு இரண்டு செய்தி நிறுவனங்களில் தேடுங்கள். முதலமைச்சர் ஏதோ அதிரடியாகச் சொன்னதாக ஒரே ஒரு கார்டு மட்டும் சொல்லி, மற்ற யாரும் வாயே திறக்கவில்லை என்றால் உங்களுக்கே புரியும்.

பிரபலம் இறந்துவிட்டதாக வரும் கார்டுக்கும் இதே வழிதான். கவுண்டமணியையும் எஸ்.ஜானகியையும் அவர்கள் உயிரோடு நன்றாக இருக்கும்போதே எத்தனை முறை சாகடித்தார்கள் என்று நினைத்துப் பாருங்கள்.

படி 4: பக்கத்தை விட்டு வெளியே வாருங்கள்

ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் ஒரு சோதனை வைத்தார்கள். முனைவர் பட்டம் பெற்ற வரலாற்று அறிஞர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், மாணவர்கள் 25 பேர். சில இணையதளங்களைக் காட்டி எதை நம்பலாம் என்று கேட்டார்கள். அறிஞர்களும் மாணவர்களும் அந்தப் பக்கத்திலேயே உட்கார்ந்து மேலிருந்து கீழ்வரை படித்தார்கள். வடிவமைப்பு, லோகோ, "எங்களைப் பற்றி" எல்லாம் பார்த்து நிறையப் பேர் ஏமாந்தார்கள். சரிபார்ப்பாளர்கள் மட்டும் சில விநாடியிலேயே வெளியே வந்து, புது டேப் திறந்து, இந்த நிறுவனத்தைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று தேடினார்கள். குறைந்த நேரத்தில் சரியான முடிவுக்கு வந்ததும் அவர்கள்தான்.

நம் ஊரில் மாப்பிள்ளை பார்க்கும் படலம் மாதிரிதான். மாப்பிள்ளை வீட்டில் உட்கார்ந்து அவர்கள் கொடுக்கிற காபியைக் குடித்தால் ஒன்றும் தெரியாது. தெருமுனை மளிகைக் கடையில் விசாரிக்க வேண்டும்.

தேடும்போது கார்டில் உள்ள வாசகத்தை அப்படியே போடாமல், பேர், ஊர், நிகழ்வு என்று மூன்று சொல் போடுங்கள். கூடவே "போலி" அல்லது "உண்மையா" என்று சேர்த்தால், யாராவது ஏற்கெனவே சரிபார்த்திருந்தால் வந்துவிடும். தமிழில் யூடர்ன், ஃபேக்ட் கிரெசெண்டோ, நியூஸ்செக்கர் ஆகியவை இந்த வேலையைச் செய்கின்றன. மத்திய அரசுக்குப் பிஐபி ஃபேக்ட் செக் 2019-லிருந்து இருக்கிறது. தமிழ்நாடு அரசு 2023-இல் தகவல் சரிபார்ப்பகம் தொடங்கியது. அரசாணை, உதவித்தொகை, தேர்வு அறிவிப்பு நிஜமா என்று பார்க்க அரசுப் பிரிவுகள் நல்ல இடம். அரசின்மேல் வரும் விமர்சனம் உண்மையா என்று அரசிடமே கேட்பதில் எனக்குச் சம்மதமில்லை. மத்திய அரசு தன்னைப் பற்றிய செய்தியில் எது பொய் என்று தானே முடிவு செய்ய வகைசெய்த விதியை, 2024 செப்டம்பரில் பம்பாய் உயர் நீதிமன்றமும் ரத்து செய்தது.

படி 5: படம்

இது சுலபம், சீக்கிரம் முடிக்கலாம். படத்தை அழுத்திப் பிடித்து கூகுள் லென்ஸில் தேடுங்கள். டின்ஐ (TinEye) தளத்தில் போட்டால் மிகப் பழையதை முதலில் காட்டு என்று கேட்க முடியும். நேற்றைய வெள்ளம் என்று வந்த படம் ஆறு வருஷத்துக்கு முன்பே இணையத்தில் இருந்தால் கதை முடிந்தது. ஒன்றும் கிடைக்காவிட்டால் படத்தை இடவலமாகத் திருப்பி மறுபடி தேடுங்கள், அல்லது பின்னணியில் தெரியும் பெயர்ப்பலகையை மட்டும் வெட்டித் தேடுங்கள்.

படி 6: வீடியோ

2023 மார்ச் முதல் வாரம் நினைவிருக்கும். தமிழ்நாட்டில் பீகார் தொழிலாளர்களை அடிக்கிறார்கள், கொல்கிறார்கள் என்று வீடியோக்கள் வட மாநிலங்களில் காட்டுத்தீயாகப் பரவின. சில இந்தி ஊடகங்களே அதைச் செய்தியாகப் போட்டன. திருப்பூர், கோவை பக்கம் வேலை செய்தவர்களுக்கு ஊரிலிருந்து அம்மாக்கள் அழுதுகொண்டே போன் செய்தார்கள். பீகார் அரசு அதிகாரிகள் குழுவையே அனுப்பியது. அப்போதைய தமிழ்நாடு டிஜிபி சைலேந்திர பாபு வீடியோவில் வந்து விளக்கம் சொன்னார். பரவியவற்றில் ஒன்று, பீகார் தொழிலாளர்களின் இரண்டு குழுக்களுக்குள் நடந்த சண்டை. இன்னொன்று, கோவையில் உள்ளூர்க்காரர்கள் இருவருக்குள் நடந்த மோதல். ரயில் நிலையத்தில் கூட்டம் அலைமோதிய படங்களைத் தப்பி ஓடுகிறார்கள் என்று காட்டினார்கள். அந்த வாரம் ஹோலி. ஊருக்குப் போகிற கூட்டம் எந்த வருஷமும் அப்படித்தான் இருக்கும்.

இதிலிருந்து எடுக்க வேண்டியது ஒன்று உண்டு. வீடியோவில் நடந்த அடிதடி நிஜம். அதன்மேல் ஒட்டியிருந்த வாசகம்தான் பொய். ஆகவே "இது நிஜ வீடியோவா?" என்று மட்டும் கேட்டால் "ஆமாம்" என்றுதான் பதில் வரும், நீங்களும் ஏமாந்துபோவீர்கள். எப்போது, எங்கே, யாருக்கும் யாருக்கும் என்று கேளுங்கள்.

செய்முறை இதுதான். முதலில் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். சோக இசையும் பின்னணிக் குரலும்தான் பாதி வேலையைச் செய்கின்றன. அப்புறம் சத்தத்தை மட்டும் கேளுங்கள், பேசுகிறவர்கள் என்ன மொழி, எந்த ஊர் வழக்கு? பிறகு நிறுத்தி நிறுத்திப் பாருங்கள். வண்டி எண்ணில் டிஎன்னா, பிஆரா, ஆர்ஜேவா? கடைப் பலகையில் என்ன எழுத்து? போலீஸ்காரரின் சீருடை, பஸ்ஸின் நிறம், ஆட்களின் உடுப்பு? குளிர்காலக் கம்பளி போட்டுக்கொண்டு மதுரையில் யாரும் அடித்துக்கொள்ள மாட்டார்கள். தெளிவான இரண்டு மூன்று காட்சிகளை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, படி 5-இல் சொன்னபடி தேடுங்கள். கணினி இருந்தால் இன்விட் (InVID) என்கிற இலவச பிரவுசர் நீட்சி, வீடியோவைத் துண்டுபோட்டுத் தரும்.

யூடியூபில் "சற்றுமுன்" என்றிருந்தால் விவரப் பகுதியைத் திறந்து ஏற்றிய தேதியைப் பாருங்கள். இரண்டு வருஷத்துக்கு முந்தைய சற்றுமுன்கள் அங்கே நிறைய.

படி 7: முதலை வரும்போது முதலை என்று ஒத்துக்கொள்வது

2015 சென்னை வெள்ளத்தின்போது, வடநெம்மேலி முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பி ஊருக்குள் வந்துவிட்டன என்று பரவியது. பொய். எதுவும் தப்பவில்லை என்று பண்ணையே மறுத்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில், பெருங்களத்தூர் பக்கம் ராத்திரி ஒரு முதலை ரோட்டைக் கடக்கும் வீடியோ வந்தது. 2015-இல் சூடுபட்ட பலர் "இது பழைய டூப்பு" என்று கிண்டலடித்தார்கள். ஆனால் அது நிஜம். சென்னையைச் சுற்றியுள்ள சில நீர்நிலைகளில் முதலைகள் இயல்பாகவே இருக்கின்றன, வெள்ளம் நிரம்பியதில் வெளியே வந்திருக்கிறது, யாரும் கிட்டப் போகாதீர்கள் என்று அன்றைய சுற்றுச்சூழல் துறைச் செயலர் சுப்ரியா சாஹுவே எழுதினார்.

சரிபார்க்கக் கற்றுக்கொண்ட பிள்ளைகளிடம் நான் அதிகம் பார்க்கும் கோளாறு இது. கொஞ்ச நாளில் "எல்லாமே ஃபேக்குதான் சித்தி" என்று ஆரம்பித்துவிடுவார்கள். எல்லாவற்றையும் நம்புவதற்கு எவ்வளவு உழைப்பு வேண்டுமோ அவ்வளவேதான் எதையுமே நம்பாமல் இருப்பதற்கும், அதாவது பூஜ்யம். அந்த ராத்திரி அதை டூப்பு என்று நினைத்து டார்ச்சை எடுத்துக்கொண்டு பெருங்களத்தூர் ரோட்டுக்கு ஒருவர் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

நோட்டில் 'உண்மை', 'பொய்' என்று இரண்டு கட்டம் போடாமல், 'இன்னும் தெரியவில்லை' என்று மூன்றாவதும் போடுங்கள். அதில் எழுத வெட்கப்பட வேண்டாம்.

படி 8: செயற்கைக் குரல், செயற்கை முகம்

2018-இல் மறைந்த கருணாநிதி, 2024 ஜனவரியில் டி.ஆர்.பாலுவின் நூல் விழாவில் திரையில் தோன்றிப் பேசினார். அதே வருஷம் பிப்ரவரியில் ஜெயலலிதாவின் குரல் அவருடைய பிறந்தநாளுக்கு ஒலித்தது. இரண்டுமே ஏஐ. அதைச் செய்தவர்கள் மறைக்கவும் இல்லை. ஆனால் அந்தக் குரல்களைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு ஒரு கணம் மயிர்க்கூச்செறிந்தது நிஜம்.

"ஆறு விரல் இருக்கா பார், கண் சிமிட்டுதா பார்" என்கிற குறிப்புகளை நம்பி இருக்காதீர்கள், மாதத்துக்கு மாதம் அவை பழசாகின்றன. கேள்வி பழையதுதான். இந்த ஆடியோ முதலில் எங்கே வந்தது? எந்தக் கூட்டத்தில் பேசினார்? முழுப் பேச்சு எங்கே? எந்த இடமும் தேதியும் இல்லாமல், காற்றில் பிறந்ததுபோல ஒரு தலைவரின் ரகசியக் குரல் தேர்தலுக்கு இரண்டு நாள் முன்பு வந்தால், அது 'இன்னும் தெரியவில்லை' கட்டத்துக்குப் போகட்டும். சாட்பாட் சொல்லும் செய்திக்கும் இதேதான். எங்கிருந்து எடுத்தாய் என்று கேட்டு, அது தரும் இணைப்பைத் திறந்து, அந்தப் பக்கத்தில் அந்த வரி நிஜமாகவே இருக்கிறதா பாருங்கள். இல்லாத பக்கத்தையும் அது கூசாமல் காட்டும்.

படி 9: செய்தியா, கருத்தா, விளம்பரமா

போலியைப் பிடிப்பதைவிட இது கஷ்டம், ஏனென்றால் இங்கே பொய் இருக்காது. ஒருவர் மைக் முன்னால் உட்கார்ந்து பதினைந்து நிமிடம் பேசுகிறார். அதில் செய்தி இரண்டு நிமிடம், மீதி அவருடைய எண்ணம். இரண்டும் ஒரே குரலில் வருகின்றன.

பிரிக்க ஒரு வழி, வினைச்சொல்லைப் பிடிப்பது. "அறிவித்தார்", "உத்தரவிட்டது", "தீர்ப்பளித்தது" என்றால் எங்கோ ஒரு காகிதம் இருக்கிறது, தேடலாம். "கூறப்படுகிறது", "தெரிகிறது", "பேசப்படுகிறது" என்றால் எங்கள் தொழிலில் அது கோட்டு போட்ட 'ஆம்'. நானே எத்தனையோ ராத்திரி "போலீஸ் வட்டாரங்கள் தெரிவித்தன" என்று எழுதியிருக்கிறேன். அந்த வட்டாரம் சில நாள் ஒரே ஒரு ஏட்டையா. தலைப்பின் கடைசியில் கேள்விக்குறி இருந்தால், ஆதாரம் கிடைக்கவில்லை ஆனால் போடாமல் இருக்க மனசில்லை என்று அர்த்தம்.

விளம்பரத்துக்குப் பேப்பரில் ஓரத்தில் பொடி எழுத்தில் "விளம்பரம்" என்று இருக்கும். காசு வாங்கிக்கொண்டு பேசும் இன்ஃப்ளூயன்சர்களும் அதைச் சொல்லியாக வேண்டும் என்று விளம்பரத் தர மன்றம் 2021-இல் நெறிமுறை வகுத்தது. சொல்லாதவர்கள் இருக்கிறார்கள். ஒரே வாரத்தில் நான்கு பேர் ஒரே செயலியைப் புகழ்ந்தால், தற்செயல் இல்லை.

படி 10: ஃபேமிலி குரூப்

பெரியப்பா ஒரு ஃபார்வர்டு போடுகிறார். நம் தேசிய கீதத்தை உலகத்திலேயே சிறந்தது என்று யுனெஸ்கோ அறிவித்ததாம். யுனெஸ்கோ மறுத்த பிறகும் பல வருஷமாகச் சுற்றுகிற பொய். நீங்கள் சின்னவர், கையில் ஆதாரம் இருக்கிறது. என்ன செய்வீர்கள்?

குரூப்பிலேயே "ஃபேக்" என்று போட்டால் ஜெயிப்பீர்கள். பெரியப்பா அடுத்த பொங்கல்வரை உங்களிடம் பேச மாட்டார், அதோடு அந்த ஃபார்வர்டையும் நம்பிக்கொண்டே இருப்பார். எங்கள் வீட்டில் இதை இரண்டு முறை செய்து சூடுபட்டிருக்கிறோம்.

தனியாக அனுப்புங்கள். "பெரியப்பா, இதை நானும் நம்பிட்டேன். அப்புறம் பார்த்தா இப்படி இருக்கு" என்று இணைப்போடு. நானும் நம்பினேன் என்பது பொய்யாக இருந்தால்கூடப் பரவாயில்லை என்பேன், இந்தக் கட்டுரையிலேயே ஒரு பொய்க்கு அனுமதி உண்டென்றால் அது இதுதான். மருந்து, மருத்துவம், பிள்ளை கடத்தல், சாதி மதக் கலவரம் சம்பந்தப்பட்டது என்றால் மட்டும் காத்திருக்காதீர்கள். தனியாகவும் சொல்லி, குரூப்பிலும் மரியாதையாகப் போட்டுவிடுங்கள். நீங்களே தவறாக அனுப்பியிருந்தால் சத்தமில்லாமல் அழித்துவிட்டுப் போகாதீர்கள். "நான் போட்டது தப்பு, யாருக்காவது அனுப்பியிருந்தா சொல்லிடுங்க" என்று அதே குரூப்பில் எழுதுங்கள். எங்கள் பேப்பரில் அதற்குப் பேர் 'திருத்தம்'. ஆறாம் பக்கத்தின் மூலையில் பொடி எழுத்தில் போடுவோம். நீங்கள் கொஞ்சம் பெரிதாகவே போடலாம்.

படி 11: இனி என்ன தின்பது

பொய்யை வடிகட்டிக்கொண்டே இருந்தால் அலுத்துவிடும். செய்தியைத் தேடி நாமே போகும் நேரம் ஒன்று வேண்டும். காலையில் 15 நிமிடம், ஏதாவது ஒரு தமிழ் நாளிதழ், தாளிலோ மின்பதிப்பிலோ. இதன் வசதி என்னவென்றால், அதற்கு முடிவு உண்டு. கடைசிப் பக்கம் வந்ததும் மடித்து வைத்துவிடலாம். ரீல்ஸுக்குக் கடைசிப் பக்கம் கிடையாது.

வாரத்தில் ஒருநாள், உங்கள் கருத்துக்கு நேர் எதிரான ஊடகத்தில் அதே செய்தியைப் படியுங்கள். எரிச்சல் வரும். எதை இவர் சொன்னார், எதை அவர் விட்டார் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாதத்தில் ஒருமுறை மூல ஆவணம் ஒன்று, அரசாணையோ தீர்ப்போ, இரண்டு பக்கம் படித்தாலும் போதும். எதுவும் முடியாது என்றால் இன்ஸ்டாவிலேயே இருங்கள், ஆனால் உங்கள் ஊர் ஆட்சியர், வானிலை மையம், நம்பகமான செய்தி நிறுவனங்கள் இரண்டின் பக்கங்களைப் பின்தொடருங்கள். மீமுக்கு நடுவில் அவையும் வரட்டும்.

இந்த நவம்பரில் மறுபடி அடைமழை. ராத்திரி பத்து மணிக்கு அவள் வகுப்பு குரூப்பில் கார்டு வந்துவிட்டது. இப்போது பன்னிரண்டாம் வகுப்பு. அவள் பதிலாக எழுதியதை எட்டிப் பார்த்தேன்: "லீவாம். கலெக்டர் பேஜ்ல இன்னும் வரல." எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது. காலை ஐந்தரைக்கே அலாரம் வைத்து எழுந்து, குளித்து, சீருடை போட்டு, தலை பின்னி, டிபன் பாக்ஸோடு அவள் வாசலில் நின்றபோது, ஆட்சியர் நிஜமாகவே விடுமுறை அறிவித்தார். மணி 6:40.